தம்பியின் நாடகப் படிப்புக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் வசிக்கிறேன். ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. அப்பா காலமாகிவிட்டார். தம்பி இந்த ஆண்டு இரண்டாம் பியூசி (பிளஸ் டூ) காமர்ஸ் முடித்திருக்கிறான். சிறு வயதிலிருந்தே அவனுக்கு நாடகம் என்றால் உயிர். நடிப்பையும் நாடகத்தையும் பாடமாகக் கொண்ட மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்துக்கு என் பெயரையும் சேர்த்துத்தான் கல்விக்கடன் வாங்க வேண்டும். “ரஜினி எந்தக் காலேஜில் நடிப்புப் படித்தார்?” என்று மாமா கேலி செய்கிறார். தயங்கினேன் என்பதற்காகத் தம்பி என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான். நடிப்பைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியுமா? படித்தால் சோறு கிடைக்குமா? வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான். இவன் எந்த மொழியில் நடிப்பான்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாமாவை முதலில் கவனித்துவிடலாம். ரஜினி நடிப்பைப் படித்தவர்தான். உங்கள் ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவர், 1973-இல் சென்னைக்குப் போய், தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை நடத்திய பயிற்சி நிலையத்தில் நடிப்பு வகுப்பில் சேர்ந்தார். பாலசந்தர் கண்ணில் பட்டது அந்தக் காலத்தில்தான். ‘அபூர்வ ராகங்கள்’ வந்தது 1975-இல். டிக்கெட் கிழித்த கதையைச் சொல்கிறவர்கள், வகுப்பில் உட்கார்ந்த கதையை வசதியாக விட்டுவிடுகிறார்கள். வீட்டில் மராத்தி, வளர்ந்தது கன்னடத்தில், பேர் வாங்கியது தமிழில் என்பதையும் மாமாவிடம் சொல்லிவையுங்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு அது பாதிப் பதில்.

இனி உங்கள் விஷயம். இந்தக் கடனை இந்த ஆண்டு வாங்காதீர்கள். தம்பி நாடகம் படிக்கட்டும், கட்டாயம் படிக்கட்டும். ஆனால் அது அவனுடைய இரண்டாவது படிப்பாக இருக்கட்டும். இந்த வரியைப் படித்ததும் அவனுக்கு என் மேல் கோபம் வரும். காரணத்தையும் படித்துவிட்டுக் கோபப்படச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் நாடகக் கல்வியின் பெரிய கதவுகள் பட்டதாரிகளுக்குத்தான் திறக்கின்றன. டெல்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். நஸீருதீன் ஷா, ஓம் புரி, இர்ஃபான் கான் எல்லாரும் அங்கே படித்து வந்தவர்கள். மூன்றாண்டுப் படிப்பு, அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். சேர ஒரு பட்டம் வேண்டும், அது பி.காம். ஆனாலும் சரி, விலங்கியல் ஆனாலும் சரி, அவர்களுக்குக் கவலையில்லை. ஏற்கெனவே சில நாடகங்களில் பங்கேற்றதற்குச் சான்று வேண்டும். இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு புரிய வேண்டும். முதற்கட்டத் தேர்வு பல நகரங்களில் நடக்கும். அதில் தேறியவர்களை டெல்லிக்கு அழைத்துச் சில நாள் பட்டறை வைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நாடு முழுவதிலுமிருந்து ஓர் ஆண்டுக்குச் சேர்ப்பது முப்பது பேரைச் சுற்றித்தான் இருக்கும். சேர்ந்தவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும். அதாவது, நீங்கள் கடன் வாங்கிக் கட்டவிருக்கும் படிப்பைவிடப் பெயர்பெற்ற ஒரு படிப்புக்கு அரசே பணம் கொடுக்கிறது. தேவை ஒரு சாதாரணப் பட்டமும் மேடை அனுபவமும்.

டெல்லி எட்டாது என்று பயப்பட வேண்டாம். அதே பள்ளியின் பெங்களூர் மையம் மல்லத்தஹள்ளி கலாகிராமத்தில் இருக்கிறது. தென் மாநிலத்தவர்களுக்கு ஓராண்டு நடிப்புப் பயிற்சி தருகிறது. தமிழில் காலூன்ற நினைத்தால் புதுவைப் பல்கலைக்கழகம். சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் அங்கே அமைந்த நாடகப் பள்ளிக்கு நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி தலைமை வகித்திருக்கிறார். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்தில் முதுகலை உண்டு. இவற்றின் கட்டணம் தனியார் கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது.

பியூசி முடித்த கையோடு சேரக்கூடிய அரசுப் பல்கலைக்கழகப் படிப்பு என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவு வருவது திருச்சூர்தான். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் 1977-இல் ஜி. சங்கரப் பிள்ளை தொடங்கிய நாடகப் பள்ளி. இளங்கலைப் படிப்பு. மலையாளத்தில் மூழ்கி எழத் தம்பி தயார் என்றால் விண்ணப்பிக்கட்டும், தடுக்க மாட்டேன்.

நடிப்பைச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். திறமையைச் சொல்லித்தர முடியாது. உடம்பையும் குரலையும் கண்ணையும் பழக்க முடியும். உதாரணத்துக்கு ஒன்று. கதவைத் திறந்து உள்ளே வந்து நாற்காலியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. பையன் வருவான், உட்காருவான். “எங்கிருந்து வருகிறாய்?” என்பார் ஆசிரியர். பையன் விழிப்பான். மறுபடி வெளியே போ. இந்த முறை முகத்தில் சோகத்தைப் பூசிக்கொண்டு வருவான். “முகத்தை விடு. வெளியே மழையா, வெயிலா? செருப்பு ஈரமா? இந்த வீட்டில் உனக்குக் கடன் கொடுத்தவன் இருக்கிறானா?” மறுபடி வெளியே. அரை மணி நேரம் கழித்து ஏதோ ஒரு தடவை, கதவின் கைப்பிடியைப் பிடித்த விதத்திலேயே அவன் எங்கிருந்து வருகிறான் என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவனுக்கே ஏன் என்று புரியாது. அதை மறுநாளும் வரவழைக்கத்தான் மீதி மூன்றாண்டு.

குரல் வகுப்பில் தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றில் கை வைத்து மூச்சை மட்டும் வாரக்கணக்கில் பழகுவார்கள். கத்தாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசுவது அந்த மூச்சில்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம் களரி, கூத்து, சமஸ்கிருத நாடகம், கிரேக்க நாடகம், ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, பிரெக்ட் போன்ற மேலைநாட்டு நாடக மேதைகள் என்று படிப்பு. அதற்குப் பிறகு யாரும் விளம்பரப் புத்தகத்தில் போடாத வேலை: ஏணியில் ஏறி விளக்குக் கட்டுவது, வண்ணத்தாள் வெட்டுவது, பத்துப் பேர் உடைக்கு இஸ்திரி போடுவது, இன்னொருவன் நடிக்கும்போது இருட்டில் நின்று சரியான நேரத்தில் தட்டை நீட்டுவது. நடிக்க மட்டுமே வந்தேன் என்கிற பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே வாடிப்போவார்கள். உங்கள் தம்பி எந்த ரகம் என்பது உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, அவனுக்குமே இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் செலவைக் கடனில் போடாதீர்கள் என்பதுதான் என் வாதம். கல்விக்கடனுக்குப் படிப்புக்காலமும் அதற்கு மேல் ஓர் ஆண்டும் வழக்கமாகத் தவணை இருக்காது; வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். பிறகு வங்கி, மேடை கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டு தவணையைத் தள்ளிப்போடாது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் இந்த மூன்று ஆண்டுகளில் அவன் என்ன செய்ய வேண்டும்? கட்டணம் குறைந்த ஓர் அரசுக் கல்லூரியில் அல்லது உதவிபெறும் கல்லூரியில் பி.காம். சேரட்டும். நாடகக் குழு இருக்கும் கல்லூரியாகப் பார்த்துச் சேரட்டும். மாலை நேரம் முழுக்க அவனுடையது. பெங்களூரைப் போல நாடகத்துக்கு வாய்ப்பான ஊர் தென்னாட்டில் அதிகம் இல்லை. ஸ்ரீராமபுரத்திலேயே பச்சை வழித்தட மெட்ரோ ஏறினால் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி ரவீந்திர கலாக்ஷேத்ரா அரங்கத்துக்குப் போகலாம். பின்புறம் ‘சம்ஸ’ திறந்தவெளி அரங்கம். அதே ரயிலில் மேலும் தெற்கே போனால் ஜே.பி. நகர். அங்கே 2004-இல் நடிகை அருந்ததி நாக் முயற்சியில் எழுந்த ரங்கசங்கரா நாடக அரங்கம். திங்கட்கிழமை தவிர அநேகமாக எல்லா நாளும் நாடகம். ஆரம்பித்த பிறகு எப்பேர்ப்பட்டவர் வந்தாலும் கதவு திறக்காது. அந்த ஒழுங்கே ஒரு பாடம். சமுதாயா போன்ற கன்னடக் குழுக்கள் 1975-லிருந்து இயங்குகின்றன. ஒத்திகைக்கு நேரத்துக்கு வந்து, சொன்ன வேலையைச் செய்கிற பையனை எந்தக் குழுவும் திருப்பி அனுப்பாது. முதல் நாடகத்தில் திரை இழுப்பான், இரண்டாவதில் ஈட்டி பிடிப்பான், மூன்றாவதில் நாலு வரி பேசுவான். டெல்லிக்குக் கொண்டுபோக வேண்டிய சான்றிதழ்கள் இப்படித்தான் சேரும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விஜய் சேதுபதியும் பி.காம்.தான். ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் அவர் முதலில் நுழைந்தது கணக்கு எழுதும் வேலைக்கு. காமர்ஸ் யாருடைய நடிப்பையும் கெடுத்ததாகத் தெரியவில்லை.

மொழிக் கேள்விதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள் நாலு மொழி பேசுவார்கள். மேடையில் நிறுத்தி ஒரு பக்க வசனம் பேசச் சொன்னால் நாலிலும் தடுமாறுவார்கள். வசனத்துக்கு வேண்டியது வேறு ஆழம். உங்கள் தம்பி அந்த ஊரில் இருக்கும்வரை அவனுடைய மேடை மொழி கன்னடமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. காய்கறிக் கடையில் பேசுகிற கன்னடம் போதாது. கன்னட நாடகாசிரியர் சந்திரசேகர கம்பாரின் நாடகங்கள் வட கர்நாடகப் பேச்சில் இருக்கும். மைசூர்ப் பக்கத்துக்காரர்களே அதற்குப் பழக வேண்டும். தினமும் ஒரு நாடகப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கட்டும். இதில் அந்நியப்பட ஒன்றுமில்லை. கன்னட நவீன நாடகத்துக்கு வழி போட்ட டி.பி. கைலாசம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. லண்டனுக்குப் போய்ப் படித்தது நிலவியல். இன்னொரு பெரிய கன்னட நாடகாசிரியரான கிரீஷ் கார்னாட் வீட்டில் கொங்கணி. பட்டம் வாங்கிய பிறகும் கன்னடத்திலேயே தொடர விரும்பினால், சிவமொக்கா மாவட்டம் ஹெக்கோடில் கே.வி. சுப்பண்ணா உருவாக்கிய நீநாசம் என்ற நாடக அமைப்பு இருக்கிறது. அதன் நாடகப் பயிற்சிப் பள்ளி 1980-இல் தொடங்கியது. ‘திருகாட’ என்கிற அதன் சுற்றுப்பயணக் குழு ஆண்டுதோறும் ஊர் ஊராக நாடகம் போடுகிறது. ஓர் ஆண்டு அந்த வண்டியில் ஊர் சுற்றிய நடிகனுக்கு எந்தக் கூட்டத்தைக் கண்டும் பயம் வராது.

தமிழை விட்டுவிட வேண்டுமா என்று உங்கள் அம்மா கேட்பார். வேண்டாம். அல்சூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. அவன் சத்தம் போட்டுப் படிக்கத் தமிழ் நாடகங்களும் இருக்கின்றன.

சோறு? மேடை நடிப்பை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் பெங்களூரில் மிகக் குறைவு. பகலில் வங்கி, பள்ளி, மென்பொருள் நிறுவனம், மாலையில் ஒத்திகை என்பதுதான் பெரும்பாலோர் வாழ்க்கை. முறையாகப் படித்தவர்களுக்குப் பள்ளிகளில் நாடக ஆசிரியர் வேலை, ஒளியமைப்பு, டப்பிங் என்று பக்க வழிகள் உண்டு. முதுகலை முடித்தால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வை நிகழ்த்துகலைப் பாடத்தில் எழுதிக் கல்லூரி ஆசிரியராகலாம். தேசிய நாடகப் பள்ளியின் பட்டயத்தையும் இதற்கு எம்.ஏ.வுக்கு இணையாக ஏற்கிறார்கள். 18 முதல் 25 வயது வரையிலான இளங்கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் தரும் உதவித்தொகை நாடகத்துக்கும் உண்டு. இப்போதே அதற்கு ஆயத்தமாகச் சொல்லுங்கள். சினிமா வாய்ப்பை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. வந்தால் வரட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தத் தனியார் படிப்புதான் வேண்டும் என்று தம்பி நின்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இருவரும் ஒரு வேலை நாளில் அங்கே போங்கள். வரவேற்பறையில் உட்காராமல் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் பேசுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தரையில், எத்தனை மணி நேரம் பெஞ்சில்? மூன்று ஆண்டில் ஒரு மாணவன் எத்தனை முழுநீள நாடகத்தில் இருப்பான்? ஒத்திகைக்கூடம் தனியாக இருக்கிறதா, இல்லை கருத்தரங்கு மண்டபத்தில் நாற்காலியை ஒதுக்கிவிட்டா? விளக்குப் பலகையை மாணவர் தொடலாமா? கேமரா, ஜிம், நட்சத்திர விருந்தினர் படங்கள் எதையும் பார்க்காதீர்கள். பதில்கள் திருப்தியாக இருந்தால் என் யோசனையைத் தள்ளிவிட்டு உங்கள் மனம் சொல்கிறபடி செய்யுங்கள்.

இடத்தைப் பிடித்துவைக்க முன்பணம் கட்டினீர்களா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. கட்டியிருந்தால் நாளைக் கடத்தாதீர்கள். மாணவர் விலகினால் கட்டணத்தை எந்தத் தேதிக்குள் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஆண்டுதோறும் அறிவிக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் அது பொருந்தும். அசல் மதிப்பெண் சான்றிதழைப் பிடித்துவைக்கவும் அவர்களுக்கு உரிமையில்லை. விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, கட்டிய ரசீதையும் அதோடு இணைத்துவிடுங்கள். தம்பியையே எழுதச் சொல்லுங்கள். உங்களிடம் அவன் பேச ஆரம்பிக்க அதுவும் ஒரு சாக்கு.