வாந்தி எடுக்கிற குழந்தைக்குச் சிறுநீர் மட்டும் குறையவில்லையா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 3 வயது. இரண்டு வாரமாகப் படுக்கையை நனைத்தான், இளைத்தும் போனான். பிறகு வாந்தி, மேல்மூச்சு. சளி என்று இரண்டு நாள் நெபுலைசர் வைத்தார்கள். கடைசியில் சர்க்கரை 480, கீட்டோஅசிடோசிஸ் (சர்க்கரை நோயில் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை) என்று ஐசியூவில் சேர்த்தார்கள். என் குழந்தைக்கு 2 வயது. இதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? அங்கே உடனே இன்சுலின் போடாமல் டிரிப் மட்டும் ஏற்றியது ஏன்?

பதில்: சாதாரண வாந்தி, பேதியில் உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரும் வற்றும். நாக்கு காய்ந்து, கண் குழி விழுந்த குழந்தையின் டயப்பர் மட்டும் கனத்துக் கிடந்தால் சர்க்கரையைச் சந்தேகியுங்கள். ரத்தத்தில் சுமார் 180-ஐத் தாண்டும் சர்க்கரை சிறுநீரில் இறங்கி, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. சிறுநீர் பட்ட இடத்தில் எறும்பு மொய்ப்பது, ஆறாத டயப்பர் புண், ராத்திரி எழுந்து தண்ணீர் கேட்பது எல்லாம் அதற்கு முந்தைய அறிகுறிகள். 2 வயதுக் குழந்தை தாகம் என்று சொல்லாது, அழும். அதனால்தான் சின்னக் குழந்தைகளிடம் இது பிந்தித் தெரிகிறது.

மூச்சையும் கவனியுங்கள். இன்சுலின் இல்லாமல் கொழுப்பு எரிந்து கீட்டோன் அமிலம் சேர்கிறது. அதைச் சமாளிக்கக் குழந்தை ஆழமாக, வேகமாக, விடாமல் மூச்சு விடும். பெரும்பாலும் இருமலோ வீசிங் சத்தமோ இருக்காது. வாயில் அழுகிய பழ வாடை வரலாம். அது எல்லோர் மூக்குக்கும் தெரியாது, வாடை இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

தாத்தா பாட்டியின் குளுக்கோமீட்டர் வீட்டில் இருந்தால் அதுவே போதும். குழந்தையின் விரலை சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். இனிப்பு ஒட்டிய விரல் பொய்க் கணக்கு காட்டும். 200-க்கு மேல் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. வெறும் வயிற்றில் மறுநாள் பார்க்கலாம் என்று ஒரு ராத்திரியைக் கடத்தாதீர்கள். மேல்மூச்சோ மயக்கமோ இருந்தால் மீட்டரைத் தேட வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ஜூஸ் வேண்டாம். பெரியவர்களின் இன்சுலினைக் கையில் எடுக்கவே கூடாது.

மருத்துவமனையில் சர்க்கரையோடு கீட்டோன், ரத்த பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) பார்ப்பார்கள். பிஹெச் 7.3-க்குக் கீழே போனால் அமிலம் ஏறிவிட்டது, 7.1-க்குக் கீழே கடுமை.

டிரிப் முதலில் என்பது சரியான வரிசைதான், வற்றிப்போன உடம்புக்கு முதலில் நீர் வேண்டும். 14 கிலோ குழந்தைக்கு முதல் அரை மணி நேரத்தில் 140 முதல் 280 மி.லி. சலைன் போகும். இன்சுலின் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, கிலோவுக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட், சொட்டுச்சொட்டாக. மொத்தமாக ஊசியில் போட்டால் சர்க்கரையும் பொட்டாசியமும் திடீரென்று இறங்கும். பொட்டாசியம் விழுந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், அதனால் அதையும் டிரிப்பில் சேர்ப்பார்கள்.

சர்க்கரை 250–300-க்கு வந்ததும் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் மாட்டுவார்கள். சர்க்கரை நோய்க்குக் குளுக்கோஸா என்று உறவினர்கள் பதறுவதும், நிறுத்தச் சொல்லிச் சண்டை போடுவதும் இந்த இடத்தில்தான். கீட்டோன் அடங்கும்வரை இன்சுலின் ஓட வேண்டும். அதுவரை சர்க்கரை அடிமட்டத்துக்குப் போகாமல் காப்பது அந்த பாட்டில்.

முதல் 12 மணி நேரத்தில் பக்கத்திலேயே இருங்கள். தெளிந்த குழந்தை தலைவலி என்று சிணுங்கினாலோ, மறுபடி வாந்தி எடுத்தாலோ, கூப்பிட்டால் கண் திறக்காமல் போனாலோ, அசதியில் தூங்குகிறது என்று விடாமல் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள். அது மூளை வீக்கமாக இருக்கலாம். ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் வீக்கத்தைக் குறைக்க மானிட்டால் என்ற மருந்தோ 3 சதவீத சலைனோ உடனே ஏற்ற வேண்டியிருக்கும்.