நண்டுக்கு வலிக்கும் என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

"கத்தவில்லை, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு எப்படி வலிக்கும் என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கத்துவதை அளவுகோலாக வைத்தால் மீனுக்கும் வலியில்லை என்றாகிவிடும்.

பிரிட்டிஷ் அரசு கேட்டுக்கொண்டதால் லண்டன் பொருளியல் பள்ளியின் தத்துவ அறிஞர் ஜோனதன் பிர்ச் குழு 2021இல் முன்னூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்து, எட்டு அளவுகோல்களை வைத்துப் பார்த்தது. காயத்தை உணரும் நரம்புகள், அவை மூளையோடு இணைந்திருப்பது போன்றவை உடலமைப்பு சார்ந்தவை. நடத்தை சார்ந்தவைதான் சுவாரசியம்: மரத்துப்போக மருந்து கொடுத்தால் நடத்தை மாறுகிறதா? அடிபட்ட இடத்தைக் கவனிக்கிறதா? இழப்பையும் லாபத்தையும் எடைபோடுகிறதா?

கடைசிக் கேள்விக்குத் துறவி நண்டுச் சோதனை நல்ல உதாரணம். இது காலி நத்தை ஓடுகளுக்குள் குடியிருக்கும் நண்டு. ஓட்டுக்குள் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தால், பிடிக்காத ஓட்டிலிருப்பது சீக்கிரம் வெளியேறும். பிடித்த ஓட்டிலிருப்பது கூடுதல் அதிர்ச்சியையும் தாங்கும். வெறும் அனிச்சைச் செயலென்றால் ஓட்டின் தரம் குறுக்கே வராது.

எட்டு அளவுகோல்களில் ஏழோ அதற்கு மேலோ தேறினால் மிக வலுவான சான்று, ஐந்தோ ஆறோ என்றால் வலுவானது. ஆக்டோபஸ் முதல் வகை, நண்டு இரண்டாவது. பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் இரண்டும் சேர்க்கப்பட்டன.

பலர் சறுக்குவது இங்கேதான்: இறாலுக்குச் சான்று குறைவு என்றால் வலி இல்லை என்று பொருளல்ல, அதை யாரும் அவ்வளவாகச் சோதிக்கவில்லை.

தொல்காப்பியம் நண்டை நான்கறிவு உயிர் என்கிறது. ஆனால் அது புலன்களின் எண்ணிக்கை. வலியின் அளவு அல்ல.