முதல் வருச இன்ஜினியரிங்: அரியர் விழாமல் இருக்க – கேள்வி பதில்

(மார்க் கணக்கெல்லாம் அண்ணா பல்கலையின் 2021 விதிமுறைப்படி. தன்னாட்சிக் கல்லூரிகளிலும் புது விதிமுறையிலும் மாறும். உங்க பேட்ச்சுக்கு எதுன்னு முதல்ல ஆபீஸ்ல கேட்டுக்கோங்க.)

காங்கேயம்: ஏனுங்ண்ணா, இன்டர்னல் (காலேஜ்லயே போடற மார்க்) போனாலும் செமஸ்டர் பரீட்சையில பிடிச்சுக்கலாம்னு சீனியர்ஸ் சொல்றாங்க. நெசமுங்களா?

அந்தப் பேச்சை நம்பாதீங்க தம்பி. தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் 60 (நூத்துக்கு எழுதற தாளை 60-க்குக் குறைப்பாங்க). பாஸாக, செமஸ்டர் தாளில் நூத்துக்கு 45 எடுக்கணும். அதோட ரெண்டும் சேர்ந்து 50 வரணும். இன்டர்னல் 32 வச்சிருக்கிறவனுக்குத் தாளில் 45 போதும். 10 தான் வச்சிருந்தா மீதி 40 தாளிலிருந்து வரணும். அதுக்கு நூத்துக்கு 67 தேவை. தாளில் ரெண்டு பேரும் 60 வாங்கினாலும் ஒருத்தன் பாஸ், ஒருத்தனுக்கு அரியர்.

இன்னொன்னு பலருக்குத் தெரியறதில்லை. அந்த இன்டர்னல் 40, ரெண்டு மதிப்பீட்டிலிருந்து வருது; ஒவ்வொண்ணிலும் நூத்துக்கு 60 தான் எழுத்துத் தேர்வு. மீதி 40 அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் மாதிரி வேலைக்கு. பரீட்சையில சறுக்கினவங்களைத் தூக்கி நிறுத்தறதே அதுதான். வாட்ஸ்அப்பில் வந்த பக்கத்தைக் கடைசி ராத்திரி காப்பி அடிச்சு அதை வீணாக்காதீங்க.

தாராபுரம்: பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். கிளாஸ்ல நடத்தறது பாதி புரியலைங்ண்ணா.

நாளைக்கு நடத்தப்போற பாடத்தை இன்னைக்குப் புரட்டி, தெரியாத சொல் பத்தை எழுதி எதிர்ல பொருள் எழுதிக்கோங்க அம்மிணி. அந்தப் பத்தும் காதில் விழுந்தா கிளாஸ் பிடிபடும். பிளஸ் டூ தமிழ்க் கணக்குப் புத்தகத்தை ஊட்டுல விட்டுட்டு வந்திருந்தா எடுத்துட்டு வாங்க. அணிகள் (மேட்ரிக்ஸ்), வகையிடல், தொகையிடல் எல்லாம் இங்கேயும் வருது. பரீட்சையில நீளமான இங்கிலீஷ் வேண்டாம். வரையறைக்கு ஒரு வாக்கியம், படம், சமன்பாடு, ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்குது, அலகு என்ன. இவ்வளவு இருந்தா மார்க் விழும்.

ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளின்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் உண்டு, விட்டுடாதீங்க. பசங்களுக்கு அதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம்.

பெருந்துறை: எய்கன் வேல்யூ கணக்கு பாதியில மாட்டிக்குது.

பெரும்பாலும் கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன்ல (அணியோட எய்கன் மதிப்பைக் கண்டுபிடிக்கிற சமன்பாடு) குறி மாறியிருக்கும். எய்கன் மதிப்புகளைக் கூட்டினா அணியோட மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகை வரணும்; பெருக்கினா அணிக்கோவை (டிட்டர்மினன்ட்) வரணும். முதல் வரிசை 4, 1, அடுத்தது 2, 3 என்றால் கூட்டல் 7, அணிக்கோவை 12 − 2 = 10. விடை 5, 2; ரெண்டும் ஒத்துப்போகுது. ஒத்துப்போகலைன்னா அடுத்த படியான எய்கன் வெக்டர் பக்கமே போகாதீங்க. தப்பான மதிப்பைப் போட்டா எவ்வளவு நேரம் தீர்த்தாலும் பூஜ்ய வெக்டர்தான் வரும். பசங்க அரைமணி நேரத்தைத் தொலைக்கிற இடமே அதுதான். மூணு மணி நேரத் தாளில் ஒரு 13 மார்க் கேள்விக்கு 22 நிமிசத்துக்கு மேல கொடுக்க முடியாதுங்க.

சத்தியமங்கலம்: டிராயிங்ல சைடு வியூ எப்பவும் இடம் மாறிப்போகுது. தாளும் அழுக்காகுதுங்ண்ணா.

வியூக்களை எங்கே வைக்கறதுங்கறதுக்கு நம்ம பாடத்திட்டத்துல ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. ஃப்ரண்ட் வியூ மேலே, டாப் வியூ அதுக்குக் கீழே. இடதுபக்கமிருந்து பார்த்த வியூ வலதுபக்கம் வரும். யூடியூப்ல அமெரிக்க வீடியோ பார்த்தீங்கன்னா அது தேர்ட் ஆங்கிள், எல்லாம் எதிர்மாறா இருக்கும். தாள் அழுக்காகறது பென்சிலால. துணைக்கோடெல்லாம் 2எச் பென்சில்ல மெல்லிசா போட்டு, கடைசியா வடிவத்தை மட்டும் எச்பி பென்சில்ல அழுத்துங்க. மினி டிராஃப்டர் (போர்டுல மாட்டிக் கோடு போடற கருவி) திருகு தளர்ந்தா கோடு சாயும். ஷீட் மாட்டினதும் விளிம்போட வச்சு ஒருதடவை பாருங்க.

அவிநாசி: பைத்தான்ல 5-ம் 3-ம் கூட்டச் சொன்னா 53-ன்னு வருது!

இன்புட் வாங்கறது எழுத்தாத்தான் வரும். இன்ட், அதாவது int() போட்டு எண்ணா மாத்தினப்புறம் கூட்டுங்க.

அந்தியூர், ஒரு அப்பா: பையன் ஹாஸ்டல்ல இருக்கானுங்க. நோம்பிக்கு, கல்யாணத்துக்குக் கூப்பிட்டா லீவு போடலாமுங்களா?

வருகை 75 சதவீதம் வேணுமுங்க. 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தா மருத்துவக் காரணம், விளையாட்டுப் போட்டி மாதிரி சிலதுக்குத்தான் அனுமதி; சொந்தத்துக் கல்யாணம் அதில் வராது. 65-க்குக் கீழே போனா பரீட்சை எழுத விடமாட்டாங்க, அந்தச் செமஸ்டரையே திரும்பப் படிக்கணும். நோம்பிக்குக் கூப்பிடுங்க, இன்டர்னல் தேதியை மட்டும் முன்னாடியே அவங்கிட்டக் கேட்டுக்கோங்க.