பாலைவனத்தில் ஒரு ஐஸ் ஹாக்கி அணி: அரிசோனா ஸ்டேட் பற்றி உங்கள் கேள்விகள்

2025 அக்டோபரில் தொடங்கும் சீசனுக்கு முன்னால் எழுதுவது இது. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக அணி, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனுக்கு வந்து பத்து வருடம் ஆகிவிட்டது. பழைய ஓஷன்சைட் ரிங்கில் ஆடிய நாளிலிருந்து இந்த அணியைப் பார்த்து வருகிறேன். ஒரு வாரமாக நீங்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, சென்னையிலிருந்து இந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் டெம்பிக்குப் படிக்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வெளியே 43 டிகிரி. இந்த ஊரில் ஐஸ் ஹாக்கி எப்படி வந்தது?

தம்பி, வெயிலை மறந்துவிடு. ரிங்குக்கு அடியில் கான்கிரீட், அதற்குள் குளிர்திரவம் ஓடும் குழாய்கள், மேலே மூன்று செ.மீ. பனி, அவ்வளவுதான். குளிர் பிரதேசமான மினசோட்டாவிலும் உள்ளரங்கில் இப்படித்தான் செய்கிறார்கள். இங்கே கரண்ட் பில் கூடும், வேறு வித்தியாசம் இல்லை.

அணியின் கதை வேறு. இது முதலில் மாணவர் கிளப். பஸ் செலவைக்கூடப் பையன்களே போட்டுக்கொள்ளும் வகை. அதே கிளப்பில் கோலியாக (கோல் காப்பவராக) நின்ற கிரெக் பவர்ஸ் பிற்பாடு பயிற்சியாளராகி, 2014-ல் கிளப் மட்டத்தின் தேசியப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அந்த நவம்பரில் பல்கலைக்கழகம் முதல் டிவிஷனுக்குப் போவதாக அறிவித்தது. டான் முல்லெட் என்பவர் முன்னின்றதில் 3.2 கோடி டாலர் நன்கொடை வந்ததால்தான் அது நடந்தது. பழைய ஓஷன்சைடில் ஏறக்குறைய 750 பேர்தான் உட்காரலாம். பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) கண்ணாடியில் மோதினால் நம் முகத்துக்கு நேரே மோதுவது போல இருக்கும். உள்ளே ஸ்வெட்டரோடு நடுங்கிவிட்டு அக்டோபர் சூட்டில் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தால் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படியும்.

நான்காவது வருடம், 2019-ல், தேசியப் போட்டிக்குப் போனார்கள். எந்த லீகிலும் சேராத ஓர் அணி அங்கே போனது 1992-க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. குவினிபியாக்கிடம் 2-1 என்று தோற்றார்கள். கோலி ஜோயி டகோர்ட் இன்று வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகான என்எச்எல்லில் சியாட்டில் கிராக்கனுக்கு ஆடுகிறார்.

2023-24 சீசனில் 24 வெற்றி, 8 தோல்வி, 6 டிரா. அப்படியிருந்தும் தேசியப் போட்டிக்கு எடுக்கவில்லை. இது அநியாயம் இல்லையா சார்?

அநியாயம் இல்லை. இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்: எத்தனை ஜெயித்தார்கள் என்று எண்ணாதீர்கள், யாரை ஜெயித்தார்கள் என்று பாருங்கள்.

தேசியப் போட்டிக்கு 16 அணிகள். ஆறு லீக் சாம்பியன்கள் நேராக உள்ளே போய்விடுவார்கள். மீதிப் பத்து இடம், சீசன் முழுக்க ஆடியதை வைத்துப் போடும் தரவரிசைக் கணக்கின்படி. அந்தக் கணக்கின் முதுகெலும்பான சதவீதத்தில் உங்கள் சொந்த வெற்றிக்குக் கால் பங்கு மதிப்புதான். மீதி முக்கால் பங்கு, நீங்கள் சந்தித்த அணிகளும் அவை சந்தித்த அணிகளும் எப்படி ஆடின என்பதைப் பொறுத்தது. லீக் இல்லாத அணிக்கு ஜனவரி, பிப்ரவரியில் பலமான எதிரி கிடைக்க மாட்டான், அவனவன் தன் லீக் ஆட்டத்தில் இருப்பான். கிடைத்தவரோடு ஆட வேண்டியதுதான். லீக் கோப்பையை ஜெயித்து உள்ளே போகும் வழியும் இல்லை.

அதனால்தான் 2024-25-ல் என்சிஎச்சி என்ற கல்லூரி லீகில் சேர்ந்ததை நான் புதிய முல்லெட் அரங்கத்தைவிடப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். 2016 முதல் 2025 வரை நடந்த ஒன்பது தேசியப் பட்டங்களில் ஏழு இந்த லீக் அணிகளுக்குப் போயிருக்கின்றன. அங்கே முதல் வருடமே இரண்டாவது இடம்! பட்டியலில் டென்வருக்கு மேலே. ஆனால் லீக்குக்கு வெளியே சீசன் தொடக்கத்தில் விட்ட ஆட்டங்கள் கணக்கில் ஒட்டிக்கொண்டன. லீக் கோப்பை அரையிறுதியில் அதே டென்வரிடம் தோற்றதும் கதை முடிந்தது. டென்வர் தேசியப் போட்டிக்குப் போனது, நாம் வீட்டில் இருந்தோம். அக்டோபர் ஆட்டத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

இந்த வருடம் ஃப்ரோசன் ஃபோர் போவார்களா?

ஃப்ரோசன் ஃபோர் என்றால் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகள். முதலில் 16-க்குள் வரட்டும். மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

முல்லெட் அரங்கம் 5,000 இருக்கைதான். பெரிய அணிகளோடு போட்டி போட இது போதுமா?

போதும். காலியாகக் கிடக்கும் 15,000 இருக்கையைவிட நிரம்பி வழியும் 5,000 மேல். ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் மாணவர் பகுதி செங்குத்தாக எழும்புகிறது. எதிரணி கோலியின் தலைக்கு மேலேயே நின்று கத்துவார்கள். 2022 அக்டோபரில் திறந்ததிலிருந்து இரண்டு சீசன் என்எச்எல் அணியான கயோட்டிஸே இங்கேதான் ஆடியது. அவர்கள் யூட்டாவுக்குப் போன பிறகு, ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் நல்ல ஹாக்கி பார்க்க வேண்டுமென்றால் இதுதான் இடம்.

பெண்களுக்கு ஏன் முதல் டிவிஷன் அணி இல்லை? என் மகள் கேட்கிறாள்.

மகள் கேட்பது நியாயம். பெண்கள் அணி கிளப் மட்டத்தில்தான் இருக்கிறது. 1972-ன் டைட்டில் நைன் சட்டப்படி ஆண்களுக்கு ஒரு விளையாட்டைக் கூட்டினால் பெண்களுக்கான வாய்ப்பையும் சமமாக வைக்க வேண்டும். பல்கலைக்கழகம் அதற்காகப் பெண்கள் டிரையத்லானையும் லக்ராஸையும் சேர்த்தது, ஹாக்கியைச் சேர்க்கவில்லை. அரங்கம் இருக்கிறது, பனி இருக்கிறது, செய்திருக்கலாம் என்பதுதான் என் கருத்து.

சாண்ட்லரிலிருந்து ஓர் அப்பா: பையனுக்கு 13 வயது, நன்றாக ஆடுகிறான். மிச்சிகனில் தங்கி ஆட அனுப்பச் சொல்கிறார்கள். காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு அதுதான் வழியா?

அனுப்பாதீர்கள். 13 வயதில் வேண்டவே வேண்டாம். கல்லூரி அணிக்கு வருகிறவர்கள் பலரும் ஜூனியர் லீகில் ஆடிவிட்டு 19, 20 வயதில்தான் சேர்கிறார்கள். இப்போதே அவசரப்பட ஒன்றும் இல்லை. வீட்டுச் சாப்பாடும் பள்ளிக்கூடமும் கெடாமல் 16 வயதுவரை இங்கேயே ஆடட்டும். என்எச்எல் நட்சத்திரம் ஆஸ்டன் மேத்யூஸ் சின்ன வயதில் ஆடியது பக்கத்து ஸ்காட்ஸ்டேலில்தான்.

ஃப்ரோசன் ஃபோர் வாய்ப்பு எத்தனை சதவீதம்?

மறுபடியுமா? சதவீதம் சொல்ல மாட்டேன். பந்தயம் கட்டக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பணம் கொடுத்தவர் போய்விட்டால் அணியும் போய்விடுமா? புதிய அணிகள் நிலைக்குமா?

நல்ல கேள்வி. இரண்டு உதாரணம் சொல்கிறேன். பென் ஸ்டேட் 2012-ல் தொடங்கியது, டெர்ரி பெகுலாவின் பெரிய நன்கொடையோடு. பிக் டென் லீகில் இடம், சொந்த அரங்கம். 2025-ல் ஃப்ரோசன் ஃபோர் போனது, பதின்மூன்றாவது சீசனில். அலபாமா ஹன்ட்ஸ்வில் 2007-லும் 2010-லும் தேசியப் போட்டிக்கே போன அணி. அதன் லீகிலிருந்து மற்ற அணிகள் விலகிப் புது லீக் அமைத்துக்கொண்டன, இதைச் சேர்க்க ஆளில்லை. 2021-ல் நிறுத்திவிட்டார்கள். நன்கொடை ஓர் அணியைத் தொடங்கி வைக்கும், தொடர்ந்து நடக்க லீக் வேண்டும். நம்மிடம் இப்போது இரண்டும் இருக்கின்றன. செலவு ஒன்றுதான் என் பயம். லீகில் பக்கத்து ஊர் என்றால் கொலராடோதான், அதுவும் விமானத்தில்.

பார்க்கிங் எங்கே?

டிக்கெட்டிலேயே போட்டிருக்கும்.

கனடா ஜூனியர் பையன்களை இனிமேல் சேர்க்கலாம் என்று விதி மாறிவிட்டதே. நம் ஊர்ப் பையன்களின் இடம் பறிபோகிறது. இதை ஏன் யாரும் எதிர்க்கவில்லை?

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் விளக்கிவிடுகிறேன். கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீகுகளில் ஆடுகிறவர்களுக்குச் சின்ன உதவித்தொகை உண்டு. என்எச்எல் ஒப்பந்தம் போட்டவர்களும் அங்கே ஆடுவார்கள். அதனால் அவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று சொல்லிக் கல்லூரிகள் சேர்க்காமல் இருந்தன. 2024 நவம்பரில் அந்தத் தடையை எடுத்தார்கள், 2025 ஆகஸ்ட் 1 முதல் அமல். அணிக்கு 26 பேர் என்ற உச்சவரம்பும் கூடவே வந்திருக்கிறது. ஆக, ஆள் கூடுகிறது, இடம் கூடவில்லை. நீங்கள் சொல்லும் நெருக்கடி உண்மைதான்.

ஆனால் தடை நியாயமாக இருந்ததா? 16 வயதில் ஒரு பையன் எடுத்த முடிவு அவன் கல்லூரிக் கதவையே மூடியது. அது போனதில் எனக்குச் சந்தோஷம்.

(அவரே மறுபடியும்) சந்தோஷமா? வரி கட்டுவது நாங்கள். அரிசோனா பெயரைப் போட்டுக்கொண்டு கனடாவின் ஆல்பர்ட்டா பையன்கள் ஆடுவதா?

(இன்னொருவர் குறுக்கிட்டு) ஜெயிக்க வேண்டுமா, ஊர்ப் பையன் வேண்டுமா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ஊர்ப் பையன்கள் இடமில்லாமல் வெளியே போகவில்லை. கனடாக்காரர்கள் வருமுன்பே போய்க்கொண்டிருந்தார்கள். மேத்யூஸ் கல்லூரிப் பக்கமே வராமல் சூரிக்கில் ஆடினார். ஃபீனிக்ஸில் பிறந்த மேத்யூ நீஸ் மினசோட்டாவுக்குப் போனார். ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்த கட்டர் கோத்தியே பாஸ்டன் கல்லூரிக்குப் போனார். மூவரும் இன்று என்எச்எல்லில். தங்கியவர்களும் உண்டு. ஃபீனிக்ஸ் பையன் ஜானி வாக்கர் 2018-19-ல் நாட்டிலேயே அதிக கோல் போட்டவர்களில் ஒருவர். ஜாஷ் டோன் இங்கே இரண்டு வருடம் ஆடிவிட்டு, 2024 மார்ச்சில் கயோட்டிஸுக்காக முதல் ஆட்டத்தில் இறங்கி, அதே முல்லெட் அரங்கத்தில் இரண்டு கோல் போட்டார். அன்றைக்கு அந்தக் கட்டடம் எழுப்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த நீஸ் இங்கேயே தங்குவானா? இந்த அணியின் எதிர்காலத்தை நான் அதை வைத்துத்தான் அளக்கிறேன். பலமான லீகில் ஜெயிக்கும் அணி என்றால் தங்குவான். அப்படி ஜெயிக்க ஆல்பர்ட்டா பையன்களும் வேண்டும். அதனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற கேள்வியை நான் ஏற்கவில்லை.

எனக்கு உண்மையான கவலை வேறு. கயோட்டிஸ் 1996-ல் வின்னிபெக்கிலிருந்து வந்தது. மேத்யூஸ் பிறந்தது 1997-ல், நீஸும் டோனும் 2002-ல். டோனின் அப்பா ஷேன் டோனே கயோட்டிஸின் கேப்டனாக இருந்தவர். ஊரில் ஒரு பெரிய அணி இருந்தது, குழந்தைகள் பார்த்தார்கள், ஸ்கேட் கட்டினார்கள். 2024 ஏப்ரல் 17-ல் எட்மண்டனை 5-2 என்று ஜெயித்துவிட்டு அந்த அணி ஊரைவிட்டே போய்விட்டது. இன்று ஐந்து வயதுக் குழந்தை யாரைப் பார்த்து ஸ்கேட் கட்டும்? அதன் விளைவு 2026-ல் தெரியாது, 2038-ல் தெரியும். அந்த வேலையையும் இப்போது இந்தக் கல்லூரி அணிதான் செய்தாக வேண்டும். வரிப்பணம் என்று கேட்டவரே, அணி நிர்வாகத்திடம் இதைக் கேளுங்கள்: குழந்தைகளுக்கு டிக்கெட் விலை என்ன? சனிக்கிழமை காலையில் ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் சின்னப் பையன்களோடு பனியில் இறங்குகிறார்கள்?

ஃப்ரோசன்...

அடுத்த கேள்வி.

என் மகனுக்கு ஆறு வயது. ஸ்கேட்டே போட்டதில்லை. எங்கே ஆரம்பிப்பது?

முல்லெட் அரங்கத்தை ஒட்டியே இரண்டாவது ரிங்க் ஒன்று இருக்கிறது, பொதுமக்களுக்கும் நேரம் ஒதுக்குகிறார்கள். முதல் நாளே எதையும் வாங்காதீர்கள், ஸ்கேட்டை வாடகைக்கு எடுங்கள். இரண்டு ஜோடி சாக்ஸ் வேண்டாம், ஒன்றே போதும், இல்லையென்றால் கணுக்கால் ஆடும். கயிற்றை நடுவில் இறுக்கி மேலே கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள். கையுறை கட்டாயம். முதல் பத்து நிமிடம் ஓரக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவான். பயப்படாதீர்கள், அப்படியே விடுங்கள்.