பழைய அம்பாசடரில் இஞ்சினும் கியர்பாக்ஸும் மாற்றலாமா?

காட்பாடியில் நிற்கும் அப்பாவின் அம்பாசடரில் 1489 சிசி இஞ்சினை எடுத்துவிட்டு, ஜப்பானின் இசுசு கம்பெனியின் 1.8 லிட்டர் இஞ்சினை 5 கியர் பெட்டியோடு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்பாசடர் கம்பெனியே 1990களில் அந்த இஞ்சினைப் போட்டு விற்றதால் பொருந்தாது என்ற பயம் வேண்டாம். ஆனால் செலவு இஞ்சினோடு நிற்காது. ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கியர் கம்பி போய், தரையில் கியர் கம்பி வரும். தரைத் தகட்டை வெட்ட வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டு), ரேடியேட்டர், கிளட்ச் என்று வால் நீளும். முடிந்தால் உதிரி உதிரியாக வாங்காமல், இதே இசுசு இஞ்சினோடு ஓடுகிற அம்பாசடர் ஒன்றையே வாங்கிப் பாகங்களைக் கழற்றி எடுங்கள்.

அப்புறம், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி முதலில். புது இஞ்சின் எண் ஆர்சியில் ஏறாவிட்டால் இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கல்தான்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் திணறுகிறது என்பதுதான் குறை என்றால், இப்போதுள்ள இஞ்சினின் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்து, பிஸ்டன் ரிங், வால்வு வேலை செய்தாலே போதும்.