வருங்காலத்தின் ஓவியங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சிலருடன் சேர்ந்து 'ஹீரோஸ்' தொலைக்காட்சித் தொடரை முதலிலிருந்து பார்த்து, இப்போது இரண்டாம் பருவத்தை முடித்திருக்கிறேன். ஐசக் மெண்டஸ் வரையும் வருங்கால ஓவியங்கள் எங்களை முழுமையாகப் பிடித்துக்கொண்டுவிட்டன. ஓர் ஓவியம் வந்ததும் திரையை நிறுத்திவிட்டு, அதில் இருப்பவர் யார், நடக்கப்போவது என்ன என்று நெடுநேரம் விவாதிக்கிறோம். இரண்டாம் பருவத்தில் கிடைக்கும் எட்டு ஓவியங்களைச் சரியான வரிசையில் அடுக்கினால், பாதியில் நின்றுபோன அந்தப் பருவத்தின் மீதிக் கதையைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது என் எண்ணம். ஆனால் நண்பர் ஒருவர் இதெல்லாம் வீண் வேலை என்கிறார். எழுதுபவர்கள் முதலில் கண்ணைக் கவரும் ஒரு படத்தைக் காட்டிவிட்டு, பிறகு வசதிப்படி ஒரு காட்சியை அதற்கு ஒட்டவைக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாததை நாம் எப்படி ஊகிப்பது என்று கேட்கிறார். நியூயார்க் அழியும் ஓவியம் பொய்த்துப்போனதையும் சான்றாகச் சொல்கிறார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. ஐசக் தன் சாவை வரைந்ததால்தான் செத்தானா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

இந்த ஊகங்கள் வீண் வேலை அல்ல என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஓவியத்தில் காட்டப்பட்ட காட்சி, அதே ஆட்களோடும் அதே கோலத்தோடும் திரையில் வந்தே தீரும் என்ற வாக்கைத் தொடர் காப்பாற்ற வேண்டும். அந்த வாக்கு நிற்கும்வரை பார்வையாளரின் ஊகம் விதிகள் உள்ள ஒரு விளையாட்டு. அது மீறப்பட்டால், எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றாகி, எதைச் சொன்னாலும் பொருளில்லாமல் போய்விடும். முதல் பருவம் முக்கியமான இடங்களில் அந்த வாக்கை எவ்வளவு நேர்மையாகக் காப்பாற்றியிருக்கிறது என்பதிலிருந்துதான் உங்கள் நண்பருக்கான பதிலைத் தொடங்க வேண்டும்.

தொடரைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சில வரிகள். டிம் கிரிங் உருவாக்கிய 'ஹீரோஸ்' 2006 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி, நான்கு பருவங்கள் ஓடி, 2010 பிப்ரவரியில் முடிந்தது. உலகின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும் சாதாரண மனிதர்கள் தங்களுக்கு அசாதாரண ஆற்றல் இருப்பதை உணர்வதே கதை. ஐசக் நியூயார்க்கில் வாழும் ஓவியன், ஹெராயினுக்கு அடிமையானவன். போதையில் அவன் கண்கள் வெண்மையாகிவிடுகின்றன, கை தானாக வரைகிறது, தெளிந்து எழும்போது வரைந்திருப்பது என்னவென்று அவனுக்கே விளங்குவதில்லை. ஆகவே தன் ஓவியங்களை ஊகித்துப் பொருள்கொள்ள வேண்டிய முதல் ஆள் அவன்தான். அந்த வகையில் அவனுக்கும் நமக்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

ஒன்பதாம் பகுதியை எடுத்துக்கொள்வோம். டெக்சாஸின் ஒடெஸ்ஸா நகரப் பள்ளியில் ஒரு சியர்லீடர் பெண் (விளையாட்டுப் போட்டிகளில் சீருடை அணிந்து ஆடித் தங்கள் அணியை உற்சாகப்படுத்தும் மாணவிகளுள் ஒருத்தி) கொல்லப்படப் போகிறாள் என்பதை ஓவியங்கள் வழியாக அறிந்த பீட்டர் பெட்ரெல்லி, அவளைக் காப்பாற்றக் கிளம்புகிறான். அந்த வரிசையின் கடைசி ஓவியத்தில் இறந்துகிடப்பது பீட்டரே. தம்பி போய்ச் சாகக்கூடாது என்று அண்ணன் நேதன் அந்த ஓவியத்தின் மேல் சாயம் பூசி அழித்துவிடுகிறான். ஆனால் அதன் நகல் பீட்டரின் பார்வைக்கு வந்துவிடுகிறது. ஓவியத்தை அழித்தால் நிகழ்ச்சியை அழிக்க முடியாது என்று வசனமே இல்லாமல் சொல்லப்படும் இடம் அது. பீட்டர் போகிறான், கொலைகாரன் சைலரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயரத்திலிருந்து விழுகிறான், ஓவியத்தில் கண்டபடியே கிடக்கிறான். பிறகு எழுகிறான். பிறருடைய ஆற்றலை அவர்கள் அருகில் இருந்தாலே உள்வாங்கிக்கொள்பவன் அவன். எந்தக் காயமும் ஆறிவிடும் உடல்கொண்ட கிளேரை அவன் காப்பாற்றப் போனதாலேயே அவளுடைய ஆற்றல் அவனுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஓவியம் ஒரு கோடுகூடப் பிசகவில்லை. அந்தக் கணத்துக்கு அடுத்த கணம் ஓவியத்தில் இல்லை என்பதை மட்டும் நாம் கவனிக்கத் தவறியிருந்தோம்.

அதே பகுதியில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஓவியத்தில் சீருடை இருக்கிறது, பெயர் இல்லை. அந்தச் சீருடையை அணிபவர்கள் பலர். தீயிலிருந்து ஒருவரைக் காப்பாற்றியவள் கிளேர், ஆனால் அந்தப் பெருமையைத் தனதாக்கிக்கொண்டு செய்தியில் இடம்பிடித்தவள் ஜாக்கி. சைலர் செய்தியை நம்பி ஜாக்கியைக் கொல்கிறான். பீட்டருக்கும் யாரைக் காப்பாற்ற வந்திருக்கிறோம் என்ற தெளிவு இல்லை. "அந்த சியர்லீடர் யார்?" என்ற கேள்வியை அப்போதே எழுப்பிய பார்வையாளர், கதாபாத்திரங்களைவிட ஓர் அடி முன்னால் நின்றிருப்பார். ஊகத்தின் பயன் இதுதான். விடையைச் சரியாகச் சொல்வதைவிட, படத்தில் எது சொல்லப்படவில்லை என்று கண்டுபிடிப்பதே அதன் முதன்மையான வேலை.

டைனோசர் ஓவியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. வாளேந்திய ஹிரோ நகமுரா ஒரு டைரனோசரஸின் எதிரே நிற்கிறான். ஹிரோ காலத்தை வளைக்கத் தெரிந்தவன். ஆகவே அவன் கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னால் போகப்போகிறான் என்று எண்ணாமல் இருப்பது கடினம். நடந்ததோ நியூயார்க்கின் ஓர் அருங்காட்சியகத்தில், காட்சிக்கு வைத்திருக்கும் டைனோசரின் முன்னால். வாளும் அங்கே காட்சியில் இருந்ததுதான், அதுவும் அசல் அல்ல என்று பிறகு தெரிகிறது. ஓவியம் காட்டிய எல்லாமே திரையிலும் இருந்தன. இதைப் பார்த்து ஏமாந்துவிட்டதாகக் குறைப்பட்டுக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் மறைக்கப்பட்டது எதுவும் இல்லையே. டைனோசருக்கு உயிர் இருப்பதாக ஓவியம் எங்கே சொன்னது? அதைச் சேர்த்துக்கொண்டது நம் மனம். நல்ல ஊகக்காரர் படத்தில் இருப்பதையும் தன் மனம் சேர்ப்பதையும் பிரித்தறியப் பழகிக்கொள்கிறார். உங்கள் குழு விவாதிக்கும்போது இந்த ஒன்றை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

இரண்டாம் பருவத்தின் எட்டு ஓவியங்களுள் ஒன்றில் கிளேரின் தந்தை நோவா பென்னட், கண்ணாடியைத் துளைத்துக் கண்ணில் குண்டு பாய்ந்து கிடக்கிறார். அதுவும் அப்படியே நடக்கிறது. சுட்டவர் மொகிந்தர் சுரேஷ் என்பதுதான் யாரும் எளிதில் எதிர்பார்த்திராதது. அவர் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்த மரபியல் பேராசிரியர், தந்தையின் ஆய்வைத் தொடர்பவர், நோவாவோடு கூட்டுச் சேர்ந்திருந்தவர். ஒரு நல்ல மனிதரின் கையால் இது நடந்தது என்பதில்தான் அந்த ஓவியத்தின் கனம் இருக்கிறது. பிறகு மகளின் இரத்தம் செலுத்தப்பட்டு நோவா உயிர்த்தெழுகிறார். பீட்டருக்குச் செய்ததையே திரும்பச் செய்துவிட்டார்கள் என்ற குறை எனக்கு உண்டு. 'இறந்தவர் எழுவார்' என்பது இரண்டாம் முறை வரும்போது பார்வையாளர் அதைப் பழகிவிடுகிறார், அடுத்த மரண ஓவியத்தைக் கண்டு அவர் அஞ்சமாட்டார்.

ஐசக்கின் ஓவியங்களாக நாம் பார்ப்பவற்றை உண்மையில் வரைந்தவர் டிம் சேல். காமிக்ஸ் உலகில் பேட்மேன் கதைகளுக்காகப் பெரிதும் மதிக்கப்பட்டவர், 2022 ஜூனில் காலமானார். அவருடன் நெடுங்காலம் இணைந்து பணியாற்றிய எழுத்தாளர் ஜெஃப் லோப் இத்தொடரின் தயாரிப்புக் குழுவில் இருந்தார். சேலுக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. அதனால் அவருடைய கலையின் வலிமை முழுவதும் கறுப்பு வெள்ளையில் இருந்தது. அடர்ந்த கறுப்பை அவர் தயங்காமல் பூசுவார், முகத்தின் பாதியை நிழல் விழுங்கிவிடும், உருவத்தின் விளிம்பு மட்டும் வெளிச்சத்தில் நிற்கும். வருங்கால ஓவியத்திற்கு இதைவிடப் பொருத்தமான கை அமைந்திருக்க முடியாது. ஒளிப்படம்போல் துல்லியமாக வரையும் ஒருவர் இந்த வேலையைச் செய்திருந்தால், நிழலில் நிற்பவர் யார் என்ற கேள்வியே எழுந்திருக்காது, நீங்களும் திரையை நிறுத்தியிருக்கமாட்டீர்கள். ஊகத்திற்கு இடம்கொடுத்ததில் கதைக்குழுவுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, சேலின் நிழல்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இனி உங்கள் நண்பரின் குற்றச்சாட்டு. படத்தை முதலில் காட்டிவிட்டுக் காட்சியைப் பின்னால் அமைத்திருந்தாலும் எனக்கு அதில் குறை தெரியவில்லை. தொடர்கதை எழுதுபவர் யாராக இருந்தாலும் முன் அத்தியாயத்தில் போட்ட முடிச்சைப் பின் அத்தியாயத்தில்தான் அவிழ்க்கிறார். அவிழ்த்த விதத்தைப் பார்த்தபின், முடிச்சு இதற்காகத்தான் போடப்பட்டது என்று தோன்றினால் அவர் வென்றார். மேலே சொன்ன அருங்காட்சியகக் காட்சி அப்படித் தோன்றுகிறது. எப்போது தீர்மானித்தார்கள் என்று நாம் ஆராய வேண்டியதில்லை.

நியூயார்க் ஓவியத்தைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். ஐசக் தன் மாடியின் தரை முழுவதும் வரைந்த அந்தப் பெரும் ஓவியத்தில் நகரம் வெடித்து எரிகிறது. இரண்டாம் பகுதியில் வருங்காலத்திற்குத் தாவும் ஹிரோ அந்த வெடிப்பைக் கண்ணாலேயே பார்க்கிறான். ஆனால் 2007 மே 21 அன்று ஒளிபரப்பான பருவ இறுதியில், உள்வாங்கிய ஆற்றல் கட்டுமீறி வெடிக்கப்போகும் பீட்டரை நேதன் வானத்துக்குத் தூக்கிச் சென்றுவிட, நகரம் தப்பிவிடுகிறது. பீட்டரின் மரண ஓவியம் அச்சுப்பிசகாமல் பலிக்கிறது, நகரத்தின் ஓவியம் தடுக்கப்படுகிறது. ஒரே கதைக்குள் இரண்டு சட்டங்கள் இருப்பது உண்மைதான். தரை ஓவியம் இல்லையென்றால் யாரும் யாரையும் தேடிப் போயிருக்கமாட்டார்கள், கதையே நகர்ந்திருக்காது. அதனால் அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனாலும் நகரம் பிழைத்தபடியே அந்தத் தரை ஓவியமும் கோடு பிசகாமல் பலிக்க ஒரு வழியைக் கதைக்குழு தேடியிருக்க வேண்டும். பீட்டர் விஷயத்தில் அதைச் செய்து காட்டியவர்களால் இங்கும் முடிந்திருக்கும். முதல் பருவத்தின் இறுதி பலருக்கு நிறைவளிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

எட்டு ஓவியங்களை வரிசைப்படுத்தி விடுபட்ட கதையை மீட்கும் உங்கள் முயற்சிக்கு என்னால் ஊக்கம் தர இயலவில்லை. அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 2007 நவம்பர் 5 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், அது மறு ஆண்டு பிப்ரவரி 12 வரை நீடித்தது. இரண்டாம் பருவம் 11 பகுதிகளோடு டிசம்பர் 3 அன்று முடித்துக்கொள்ளப்பட்டது. ஒளிபரப்பான முடிவில், கீழே விழும் வைரஸ் குப்பியைப் பீட்டர் தடுத்துவிடுகிறான். குப்பி உடைந்து நோய் வெளியேறுவதாக வேறொரு முடிவும் எடுக்கப்பட்டிருந்தது, அதை டிவிடியில் பார்க்கலாம். ஓவியங்கள் மாறவில்லை, கதை மாறிவிட்டது. ஓர் ஓவியம் ஒரு கணத்தைத் தருகிறது. அந்தக் கணத்துக்குக் காரணம் என்ன, விளைவு என்ன என்பவை அதில் இல்லை. எட்டுக் கணங்களை எப்படி அடுக்கினாலும், அவற்றைக் கோக்கும் காரணங்களை நீங்கள்தான் கற்பனை செய்ய வேண்டியிருக்கும். அது உங்கள் கதையாக இருக்கும். எழுதிப் பாருங்கள், நன்றாகவே வரலாம், ஆனால் இழந்த பகுதிகளின் கதை அதுதான் என்று நம்பிவிட வேண்டாம்.

ஐசக்கின் சாவைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பது உங்கள் கடிதத்திலேயே ஆழமான கேள்வி. அவன் உடல் மண்டை பிளந்து கிடப்பதை நாம் இரண்டாம் பகுதியிலேயே ஹிரோவின் கண்வழியாகப் பார்த்துவிடுகிறோம். சாவு வருவது 19ஆம் பகுதியில். இடைப்பட்ட பகுதிகள் முழுவதும் அந்த முடிவைத் தெரிந்துகொண்டே அவனைப் பார்க்கிறோம். போதை இல்லாமல் வரைய முடியாது என்று நம்பியவன், தெளிந்த நிலையிலேயே வரையக் கற்றுக்கொள்கிறான். சைலர் வருமுன் தன் படப்புத்தகத்தைக் கூரியர் பையனிடம் கொடுத்தனுப்பிவிடுகிறான். சைலர் அவனைத் தூரிகைகளாலேயே தரையோடு அறையும்போது, இது நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சைலரை நிறுத்தும் வழியை வரைந்து வைத்துவிட்ட நிம்மதியும் இருக்கிறது. வரைந்ததால் செத்தான் என்று சொன்னால், கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட அவனுக்கு நேரம் இருந்ததை நாம் மறந்தவர்களாவோம். பீட்டரும் தன் பிணத்தை ஓவியத்தில் பார்த்தபிறகுதான் டெக்சாஸுக்குப் புறப்பட்டான், ஆனால் அவனுக்குத் தப்பிக்க வழி இருந்தது, அது அவனுக்கே தெரியாது. ஐசக்குக்கு அப்படி எந்த வழியும் வைக்கப்படவில்லை. அவன் மட்டும்தான் ஓவியத்தைச் சரியாகப் படித்து, அடுத்த கணமும் அதுவேதான் என்று அறிந்து, அந்த மாடியிலேயே இருந்தவன். அந்தப் பகுதியை இன்னொரு முறை பார்த்துவிட்டு, சைலர் உள்ளே வரும்போது அவன் முகத்தில் என்ன தெரிகிறது என்பதை நண்பர்களோடு பேசிப் பாருங்கள். அவர்கள் சொல்வதையும் எழுதுங்கள்.

அன்புடன்