பிள்ளை தைக்கும் முதற் பொம்மை: பெட்டியாக வாங்குவதா, பிரித்து வாங்குவதா?

கேள்வி: தரம் 3இல் படிக்கும் என் மகள் கையால் பொம்மை தைக்க ஆசைப்பட்டதால், கிளிநொச்சியில் ஒரு கடையில் பொம்மை தைக்கும் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். மேலட்டையில் கொழுகொழுவென்று ஒரு கரடிக்குட்டி இருந்தது. உள்ளே இருந்த பிளாஸ்ரிக் ஊசியோ துணிக்குள் இறங்கவில்லை. நூல் இழுக்க இழுக்க அறுந்தது. பஞ்சு கரடியின் தலைக்கே போதவில்லை. கடைக்காரர் விற்ற சாமானைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்கிறார். பணம் திரும்பக் கிடைக்க வழியுண்டா? வேறு பெட்டி வாங்கலாமா? வீட்டில் ஒன்றரை வயது மகனும் இருக்கிறான்.
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: பணத்தின் விடயத்துக்கு நாட்கணக்கு உண்டு என்பதால் அதை முதலில் பார்ப்போம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கும் விதத்தில் வணிகர் நடந்துகொள்ளக் கூடாது. முறைப்பாட்டைப் பொருள் வாங்கிய 3 மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பிளாஸ்ரிக் ஊசி, முன்கூட்டியே ஓட்டை குத்திய துணி, தளர்வாக நெய்த துணி போன்றவற்றுக்கே உதவும். ஓட்டையில்லாத துணியோடு அதை வைத்து விற்றது தயாரித்தவரின் பிழையே தவிர, உங்கள் மகளின் கைப்பிழை அன்று. பெட்டியையும் பற்றுச்சீட்டையும் கடை மேசையில் வைத்து, படத்தில் உள்ளதைத் தைக்க உள்ளே உள்ளவை போதா என்பதை மட்டும் சொல்லுங்கள். அதன் பின்னும் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, முறைப்பாட்டை எங்கே கொடுப்பது என்று கேட்கலாம். ஆனால் இதற்கென்றே பரந்தன் வழியாகப் பஸ் ஏறினால் போக்குவரத்துக் கூலி பெட்டியின் விலையைத் தின்றுவிடும். வேறு அலுவலாகக் கிளிநொச்சிக்குப் போகும் நாளில், அந்த 3 மாதங்களுக்குள், இதையும் பாருங்கள்.

வேறு பெட்டி வாங்கவேண்டாம் என்பதே என் கருத்து. பெட்டியில் நாம் படத்துக்கும் அட்டைக்குமே பெரும்பாலும் பணம் கொடுக்கிறோம். உங்களுக்குத் தேவையான ஊசி, நூல், துணி, பஞ்சு ஆகிய நான்கு பொருட்களும் தையற்சாமான் விற்கும் எந்தக் கடையிலும் தனித்தனியே கிடைக்கும்.

அவற்றில் பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத பொருள் ஊசி. பூவேலைக்குரிய, காது நீண்ட உருக்கு ஊசியைக் கேளுங்கள். ஊசியின் இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும் என்பதால், சிறுகைக்கு 3 முதல் 5 வரையிலான இலக்கம் பொருந்தும். வாங்குமுன் ஒன்றை எடுத்து உங்கள் சேலைத் தலைப்பில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். முனையில் துருவோ பிசிறோ இருந்தால் இழை உடனே சிக்கும். நூல் பொலியெஸ்ரராக இருக்கட்டும். அதை இரு கைகளாலும் பிடித்துச் சுண்டினால் பட்டென்று அறாமல் நிற்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு தடவையில் ஒரு முழத்துக்கு மேல் நூல் வெட்டிக் கொடுக்காதீர்கள். நீண்ட நூல் முடிச்சு விழுந்து, பிள்ளையின் பொறுமையைத்தான் முதலில் அறுக்கும்.

துணியில், நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் நல்லது. அதன் ஓரம் பிரியாது; ஆகவே உட்புறமாகத் தைத்துப் புரட்டும் வேலை இல்லாமல், இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளியோரமாகவே கம்பளித் தையல் (ஒவ்வொரு தையலிலும் நூலை ஓரத்தில் கொக்கிபோல் மாட்டி இழுக்கும் தையல்) போடலாம். மலிவான ஃபெல்ட்டை இரு விரலால் இழுத்தால் பஞ்சுபோல் விரிந்து வெளிச்சம் தெரியும். அதில் தையல் நிற்காது. புடவைக்கடை வெட்டுத்துண்டுகள் மலிவுதான் என்றாலும் பருத்தியின் ஓரம் பிரிவதால் அவற்றை இரண்டாவது பொம்மைக்கு வைத்திருங்கள்.

பஞ்சுக்குப் பலர் இலவம்பஞ்சைச் சொல்வார்கள். காய் வெடிக்கும் பருவத்தில் வன்னியில் அதற்குக் காசும் தேவையில்லை. தலையணைக்கு அதை விஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை அடைக்கும்போது அது பறந்து மூக்கில் ஏறும், இடைவெளி விட்ட தையலால் கசியும், கழுவினால் கட்டிபட்டுவிடும். ஆகவே பொலியெஸ்ரர் பஞ்சையே வாங்குங்கள். கைக்குள் பொத்தி விட்டதும் அது மீண்டும் எழும்ப வேண்டும். கழிக்க இருக்கும் தலையணையில் அந்தப் பஞ்சு இருந்தால், கழுவி உலர்த்தி எடுத்தால் போதும், செலவே இல்லை.

பெட்டியோடு வந்த பிளாஸ்ரிக் கண்களைத் தைக்க விடாதீர்கள், பொத்தானும் வேண்டாம். ஒன்றரை வயதுப் பிள்ளை கடித்து இழுத்துத் தொண்டையில் சிக்கவைக்கக் கூடியவை அவை. கறுப்பு நூலால் நாலைந்து குறுக்குத் தையல் போட்டால் கரடிக்குக் கண் வந்துவிடும்.

தைக்கத் தொடங்கும்போது இரண்டு ஊசிகளை மட்டும் எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் இரண்டையும் எண்ணி வாங்குங்கள். எங்கள் வீட்டில் பாயில் தொலைந்த ஊசியை, பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தத்தைப் பாயின் மேலாக மெல்ல நகர்த்தித்தான் எடுத்தோம். தம்பி தவழ்ந்து திரியும் வீட்டில் அப்படி ஒரு காந்தம் கைவசம் இருப்பது நல்லது.